வேலைநிறுத்தமும் விமானப் பிரயாணியும்



திண்டுக்கல்லில் விமான நிலையம் இல்லை. மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்றால் பறந்து செல்லும் விமானத்தைப் பார்க்கலாமேயன்றி, அதில் ஏறிச் செல்ல மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோதான் போகவேண்டும். அப்படியிருக்க, விமானப் பிரயாணியின் உரிமைகளைப்பற்றி இவ்வூர் வக்கீல் ஒருவன் பேச வருவானேன் என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். இந்நகரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தினால். அவ்வீட்டாருக்கு விமானம் ஓர் ஆடம்பரமன்று. வேலைக்குப் போகிறவன் ஏறும் பஸ்ஸைப் போன்றது.

பேகம்பூரில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர் இருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பவேண்டிய நாள் வந்தது. திருச்சியிலிருந்து இரவு விமானம். மனைவி, மக்கள், மாமனார் எல்லோரும் ஒரு வாடகைக் காரில் ஏறி, வடமதுரை, மணப்பாறை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே, சிப்பந்திகள் வேலைநிறுத்தம், விமானம் இல்லை என்றார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். "ஸ்டிரைக் என்றால் எங்களுக்குப் பொறுப்பில்லை, ஒன்றும் கிடையாது" என்று மேஜைக்குப் பின்னாலிருந்த இளைஞர் சொல்லிவிட்டாராம். விடியற்காலையில் அதே காரில் திரும்பி வந்து, நேரே என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார்.

"வக்கீல் சார், புயலடித்தால் ஆண்டவன் செயல் என்று இருந்துவிடுவேன். இது அவர்கள் வீட்டுச் சண்டை. அதற்கு நான் ஏன் தண்டம் கட்டவேண்டும்?" என்று கேட்டார்.

அன்று எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "இருங்கள், பாய், பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். சட்டப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், அவர் கேட்ட கேள்வியையே உலகத்து நீதிமன்றங்களும் கேட்டுக் கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது.

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் 2010ஆம் ஆண்டு இது குறித்து விதிகள் வகுத்தார். விமானம் இரத்தாகுமானால் இரண்டு வாரத்துக்கு முன்னரே பிரயாணிக்குத் தெரிவிக்க வேண்டும்; மாற்று விமானமோ, கட்டணத்தைத் திருப்பித் தருவதோ, அவருக்கு ஏற்புடையதைச் செய்யவேண்டும். முறைப்படி தெரிவிக்காமல் இரத்துச் செய்தால் அதற்குமேல் நஷ்ட ஈடும் உண்டு. பிரயாண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. இதுவரையில் நல்லதுதான். ஆனால் அதே விதிகள், கம்பெனியின் சக்திக்கு மீறிய காரணங்களுக்கு நஷ்ட ஈடு இல்லை என்கின்றன. இயற்கைச் சீற்றம், உள்நாட்டுப் போர், கலகம், வெள்ளம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, வேலைநிறுத்தத்தையும் தொழில் தகராறையும் அதே வரிசையில் வைத்திருக்கின்றன.

அந்த இளைஞர் பாதி விதியைப் படித்தவர். விலக்கு நஷ்ட ஈட்டுக்கு மட்டுமே. விமானம் இரத்தான பிறகு டிக்கெட் பணத்தைத் தரமாட்டேன் என்று சொல்ல வேலைநிறுத்தம் ஒரு காரணமாகாது. மாற்று விமானத்துக்கு ஒப்பி நிலையத்தில் காத்திருக்கிறவருக்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். "ஒன்றும் கிடையாது" என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

ஆயினும் பாயின் கேள்வி நிற்கத்தான் செய்கிறது. வெள்ளமும் வேலைநிறுத்தமும் ஒன்றா?

ஐரோப்பாவில் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. 2016ஆம் ஆண்டு ஜெர்மனியில் டூயிஃபிளை என்னும் கம்பெனி, நிர்வாக மாற்றம் ஒன்றைத் திடீரென்று அறிவித்தது. உடனே விமானிகளும் பணிப்பெண்களும் கூட்டங்கூட்டமாக உடல்நலமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரல் 17ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், தன் சிப்பந்திகளோடு ஏற்படும் பிணக்கு தொழில் நடத்துவதில் சகஜமானது, அதை எதிர்பாராத அபூர்வ சம்பவம் என்று சொல்லித் தப்பமுடியாது என்று தீர்ப்பளித்தது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்துத் தொழிற்சங்கம் நடத்திய ஸ்காண்டிநேவிய விமானிகளின் வேலைநிறுத்தத்துக்கும் 2021இல் அதே நியாயத்தைச் சொன்னது. அங்கே நஷ்ட ஈடு தூரத்துக்குத் தக்கபடி 250 யூரோவிலிருந்து 600 யூரோ வரை.

நம்மிடமும் இதற்கு உதாரணங்கள் உண்டு. 2012இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதம், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பணியாளர் 200 பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். மே 8ஆம் நாள் 80க்கு மேற்பட்ட விமானங்கள் நின்றன. அடுத்த நாளே டில்லியில் மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமாதானமாயிற்று; வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் இசைந்தது. பேசினால் ஒரு நாளில் தீர்ந்த சண்டை! அதை ஒரு நாள் முன்னால் பேசியிருக்கலாகாதா?

வேலைநிறுத்தம் செய்கிறவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் குறைகள் உண்டு. அந்த உரிமையைத் தொழிலாளர் எளிதில் பெற்றுவிடவுமில்லை. ஆனால் நிலையத்தில் பெட்டியோடு நிற்பவரும் ஒரு தொழிலாளியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பிரயாணிக்குத் தெரிவிக்க வேண்டிய காலமும் இரண்டு வாரம்தான். கணக்கு பொருந்துகிறது, பார்த்தீர்களா? நோட்டீஸைக் கையில் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி இரவில் "எங்கள் சக்திக்கு மீறியது" என்று ஒரு கம்பெனி சொல்லுமானால் அதை நான் ஏற்கமாட்டேன். தன் சிப்பந்திகளின் வேலைநிறுத்தத்தை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

விதி மாறும்வரை செய்யக்கூடியது என்ன? விமானம் இரத்தென்ற செய்தி கைப்பேசியில் வந்த நாளும் மணியும் தெரியும்படி அதைக் காப்பாற்றி வையுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பதிலில்லையெனில் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. முறையிடுகிறவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலென்ன, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 இலட்சம் வரையானால் மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும்.

பாய்க்கு இந்தச் சட்டம் அன்று கிடையாது. நான் எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பின் டிக்கெட் பணம் வந்தது. அதற்குள் அங்கே அவருடைய இடத்தில் வேறொருவரை வைத்துவிட்டார்கள். இப்போது அவர் தம் மைத்துனரின் பூட்டுக் கடையில் கணக்கெழுதுகிறார். அந்த இரவின் கார் வாடகை இன்னும் வரவில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் நினைவூட்டுகிறார்.