கரியில் ஒட்டும் காற்று
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)





வைத்தியர்கள் மேடையேறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது சிரட்டைக்கரியைப் பற்றி.

உம்மாமார் இஸ்திரிப் பெட்டிக்குள் போட்ட அதே கரிதான். கடும் வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் பெருகும். நல்ல கரி ஒரு கிராமின் துளைச் சுவர்களை விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர் வரும். அதாவது 40 பேர்ச் வளவு! அந்தச் சுவரில் வாயுக்கள் ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்கிறோம்.

கொரோனா காலத்தில் கட்டிலருகே இரைந்துகொண்டிருந்த ஒட்சிசன் இயந்திரத்துக்குள் கரிக்குப் பதிலாக சியோலைற்று மணிகள் இருந்தன. அமுக்கிய காற்றிலுள்ள நைதரசன் அதில் ஒட்டும். ஒட்சிசன் தப்பி வெளியே வரும். 2021 ஏப்ரலில் பம்பாய் இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தார், நைதரசன் தயாரிக்கும் பொறியொன்றில் கரிச் சல்லடையை எடுத்துவிட்டு சியோலைற்றை இட்டு, 93 முதல் 96 வீதத் தூய்மையுள்ள ஒட்சிசனைப் பெற்றார்கள். எதில் எது எவ்வளவு ஒட்டும் என்று முன்னமே அளந்து வைத்திருந்ததால்தான் அந்த அவசரத்தில் அது முடிந்தது.

அந்த அளவைதான் பொறுமையைச் சோதிப்பது. மாதிரியைச் சூடாக்கி, ஏற்கெனவே ஒட்டியிருப்பதை வெற்றிடத்தில் நீக்கி, மறை 196 பாகை செல்சியஸிலுள்ள திரவ நைதரசனில் அமிழ்த்தி, சிறிது வாயுவை விட வேண்டும். அமுக்கம் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். பிறகு இன்னும் சிறிது. புருனாவர், எமற், ரெல்லர் மூவரும் 1938இல் தங்கள் சமன்பாட்டை வெளியிட்ட காலத்தில், ஆள் இருந்து வால்வைத் திருகி, இரச மட்டத்தைப் பார்த்துத்தான் எண்கள் சேர்ந்தன. இன்று வால்வைக் கணினி திறக்கிறது. இரவெல்லாம் அது விழித்திருக்கும். ஆனால் சரியாக வெற்றிடமாக்காத மாதிரியை வைத்தால், பிழையான எண்ணையும் அழகாக அச்சிட்டுத் தரும்! அமுக்கம் நின்றுவிட்டதா, நின்றதுபோல் இருக்கிறதா என்பதற்கு வரம்பு இடுவதும் மனிதரே.

“ஆய்வுகூடத்தில் இரவிரவாக நிற்க வேண்டுமே, பொம்பிளைப் பிள்ளைக்குச் சரிவராது” என்று நம் ஊர்களில் சொல்வார்கள். அந்த இரவுக் காவலை இப்போது இயந்திரம் பார்க்கிறது. வைத்தியத் தாதிமாரும் நாங்களும் இரவுக் கடமை செய்யும்போது யாரும் தடுப்பதில்லையே, அது வேறு கதை.

மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளை இருக்கும் வீடு மையித்து வீடு போலாகிறது. வைத்தியர்களாகிய நாங்களே சொல்கிறோம், அது நியாயமில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த பெறுபேறு வந்ததும் அப்படிப்பட்ட தங்கச்சிமாரை உம்மா வாப்பாவோடு எங்களிடம் அனுப்புங்கள். நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.