உடைந்ததா, உடைத்தேனா?



போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. கழுவிக்கொண்டிருந்தவன் நான்தான். "என்ன சத்தம்?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டதும் என் வாயில் வந்தது 'உடைச்சுட்டேன்' இல்லை, 'உடைஞ்சு போச்சு'!

தன்வினை, பிறவினை என்று தமிழாசிரியர் நடத்தியபோது அதன் பயன் இவ்வளவு பெரிதென்று தெரியவில்லை. பால் பொங்கிருச்சு, சாவி தொலைஞ்சுபோச்சு, பஸ் போயிருச்சு. பால் இருக்கிறது, சாவி இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது, ஆளைத்தான் காணோம். ஆள் வேண்டுமென்றால் மருமகள், மேலதிகாரி, அரசாங்கம் என்று வெளியிலிருந்து பிடித்து வருகிறோம்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நீதிக்கு உதாரணம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்ட அவன் கையில் எத்தனை சாக்குகள் இருந்தன என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைக் கண்ணகியின் கணவன் கோவலன்மேல் போட்டவனும் அவனே. அவன் வந்து சொன்ன நேரமோ, ஊடிப்போன தேவியைத் தேடி அரசன் விரைந்துகொண்டிருந்த நேரம். கோவலனை நேரில் பார்த்த காவலருக்கே இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தோன்றியது. வாளை வீசியது ஒரு குடிகாரன். போதாக்குறைக்கு ஊழ்வினை வேறு இருக்கிறது; காப்பியத்தின் 3 உண்மைகளில் ஒன்றாகப் பதிகமே அதை எழுதி வைத்திருக்கிறது. நமக்கென்றால் இதில் ஒன்றே ஒன்று போதும், ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்போம்.

கோவலன் கள்வனல்லன் என்று காட்டக் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் பொற்கொல்லனைப் பற்றிப் பேசத்தான் செய்கிறான். ஆனால் அவன் ஏய்த்தான் என்றல்ல. அவன் பேச்சைக் கேட்டேன் என்று. ஏய்த்தது அவன் பாவம், விசாரிக்காமல் கேட்டது என் குற்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நொடிதான் அரசனுக்குத் தேவைப்பட்டது. அரியணையிலேயே உயிர் போயிற்று. உயிரை விடுவதுதான் பொறுப்பேற்பது என்று நான் சொல்ல வரவில்லை; 'கேட்டேன்' என்ற அந்த வினைச்சொல்லைத்தான் சொல்கிறேன்.

கதையை இதோடு நிறுத்திவிடுகிறோம். நம் பாடப்புத்தகங்களும் பட்டிமன்றங்களும் அதற்குமேல் போவதில்லை. காப்பியம் போகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அடுத்துப் பட்டத்துக்கு வருகிறான். நாட்டில் மழை இல்லை, நோய். பத்தினி கண்ணகியின் சினம் தணிய வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? பொற்கொல்லர்கள் 1,000 பேரை ஒரே பகலில் பலி கொடுத்தான். ஒருவன் செய்த திருட்டுக்கு ஆயிரம் தலைகள். மற்றவர்கள் செய்த குற்றம், அந்தத் தொழிலில் பிறந்ததுதான்.

முன்னவன் பழியைத் தன்னோடு முடித்துக்கொண்டு போயிருந்தான். பின்னவன் அதை எடுத்து ஊரார்மேல் விநியோகித்தான்.

அதன்பின் மழை பெய்தது, நோய் நீங்கியது என்று காப்பியம் சொல்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த மழையில் என்னால் நனைய முடிந்ததில்லை.