நூலுக்கு வழித்துணை

நூல் வெளியீட்டு விழாக்களுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். மேடையில் ஆசிரியர் இருப்பார், தலைவர் இருப்பார், பாராட்டிப் பேசுவோர் வரிசையாக அமர்ந்திருப்பர். அரங்கின் வாயிலருகே ஒரு சிறு மேசையில் நூற்படிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மீதி கொடுக்கச் சில்லறை தேடியபடி ஒருவர் நிற்பார். பெரும்பாலும் அவர் அந்த ஆசிரியரின் மனைவியாகவோ கணவராகவோ இருப்பார். மேடையிலிருப்போரைப் பற்றி வேறு பலர் பேசுவார்கள். அந்த மேசையருகே நிற்பவரைப் பற்றி நான் பேச எண்ணுகிறேன். என் மனைவி கதை எழுதுபவராதலால், அங்கே நின்ற பழக்கம் எனக்கும் உண்டு.

இப்பணியைத் தமிழ்நாட்டில் மிகக் கடுமையான நிலையில் மேற்கொண்டவர் செல்லம்மாள் பாரதி. 1897ஆம் ஆண்டில், சிறுமியாக இருந்தபோதே அவருக்கு மணமாயிற்று. புதுச்சேரி வாழ்வு முடிந்து 1918இன் இறுதியில் பாரதியார் செல்லம்மாளின் பிறந்த ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், தம் எழுத்துகள் அனைத்தையும் 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் தம் நூல் செல்லவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் கடன் கேட்டு நண்பர்களுக்கெல்லாம் எழுதினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அப்போது செல்லம்மாளுக்கு முப்பது வயது சற்றே கடந்திருந்தது. இரண்டு பெண்மக்கள், கையில் பொருளில்லை, எழுத்துப் பிரதிகள் மட்டும் இருந்தன. மறு ஆண்டே, தம் சகோதரர் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரால் சுதேச கீதங்களை வெளியிட்டார். மாணவ நேயர்களே, கணவனை இழந்த ஓர் இளம்பெண் தெருவில் நடப்பதையே ஊரார் பொறாத காலம் அது. அத்தகைய காலத்தில் அவர் பதிப்பாளரானார்! பதிப்புத் தொழிலின் இயல்போ இரக்கமற்றது. காகிதத்துக்கும் அச்சுக்கும் முன்னதாகவே பணம் கொடுத்தாகவேண்டும். விற்ற பணமோ துளித்துளியாக, பல மாதங்கள் கழித்தே வந்து சேரும். அந்தச் சுமையை அவரால் நெடுங்காலம் தாங்க இயலவில்லை. பதிப்புப் பணி பிறர் கைக்குச் சென்றது. 1949இல் அரசு அந்நூல்களின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. 1951இல் செல்லம்மாள் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்னும் தலைப்பில் பேசினார். ஒரு கவிஞரோடு வாழ்வது எளிதன்று என்பதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. கிடைத்தால் அவ்வுரையைத் தேடிப் படியுங்கள்.

எங்கள் அனுபவம் அவ்வளவு பெரியதன்று. சென்ற ஆண்டு என் மனைவியின் நாவலை ராஜபாளையத்தில் வெளியிட நண்பர்கள் சிலர் ஏற்பாடு செய்தார்கள். 100 படிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி உறவினர் வீட்டில் தங்கினோம். பதினொரு நிலைக் கோபுரத்தையும் நந்தவனத்தையும் கண்டோம். இது ஒரு பெண் கவிஞரின் ஊர் என்பதை அங்கே நிற்கும்போது மறக்க முடிவதில்லை. 173 பாசுரங்கள் பாடிய கோதையை ஒரு துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார் என்கிறது வரலாறு. அவர் தாமும் கவிஞர். ஆயினும் மகளின் பாட்டுக்குத் தடையாக நின்றாரில்லை. மண்ணைக் கொத்தி, பூப்பறித்து, மாலை கட்டும் கையை எனக்கு எப்போதும் பிடிக்கும். வீடு திரும்பும் வழியில் பால்கோவா வாங்கினோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவ்வூரார் மன்னிக்கமாட்டார்கள்.

அன்று இரவு என் மனைவி உறங்கவில்லை. அவருடைய நாவல் பஞ்சாலையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ராஜபாளையமோ, 1936இல் முதல் ஆலை தோன்றியது தொடங்கி நூற்பாலைகளால் வளர்ந்த ஊர். நூல் நூற்கும் ஊரில் நூல் வெளியீடு என்று நான் வேடிக்கையாகச் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. "அந்தப் பெண்களே வந்திருந்து, இது எங்கள் கதை இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடியற்காலையில் போய் இட்டிலி வாங்கி வந்தேன். அதைத்தான் அப்போது என்னால் செய்ய முடிந்தது.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. என் மேசைக்கு வந்த ஒருவர், "அம்மா எழுதிக்கொண்டே இருந்தால் வீட்டில் சமையல் யார்?" என்று கேட்டார். நான் என்றேன். உரக்கச் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

பாராட்டுரைகள் முடிந்தபின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். பல ஆண்டுகள் ஆலையில் வேலை பார்த்தவராம். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே, தாயீ. ஆனா ஒன்னு. உன் கதையிலே அவ வேலை முடிஞ்சு வந்ததும் பிள்ளையை அள்ளி எடுத்துக்கிடுதா. நாங்க எடுக்கமாட்டோம். தலையிலே, சேலையிலே எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு மூச்சுலே போயிரும். அது அழுதாலும் குளிச்சிட்டுத்தான் தொடுவோம்" என்றார். அரங்கில் ஓசை அடங்கிவிட்டது. என் மனைவி மேடையிலேயே குனிந்து அதை எழுதிக்கொண்டார். அம்மூதாட்டி என் மேசைக்கு வந்து, முடிச்சை அவிழ்த்துப் பணம் எண்ணி இரண்டு படிகள் வாங்கினார். விலை குறைத்துக் கொடுக்க முயன்றேன், ஒப்பவில்லை. அன்று விற்றவை 46 படிகள். எஞ்சியவற்றைச் சுமந்து வந்ததில் எனக்குத் தோள் வலித்தது. என் மனைவியோ வழியெல்லாம் அந்த ஒரு காட்சியைத் திருத்திக்கொண்டே வந்தார்.

இத்தகைய திருத்தம் நூல் அச்சாகுமுன்பே கிடைக்க வேண்டுமாயின், எழுதுவோர் அந்தந்த இடத்துக்கு நேரே சென்றாகவேண்டும். ராஜம் கிருஷ்ணன் அவ்வாறு சென்றவர். அவர் கணவர் கிருஷ்ணன் மின்துறைப் பொறியாளர். கணவரின் பணி நிமித்தம் நீலகிரிக்குச் சென்ற வாழ்விலிருந்து 'குறிஞ்சித்தேன்' பிறந்தது. தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று 'கரிப்பு மணிகள்' எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள சிவகாசிப் பகுதியில், தீப்பெட்டித் தொழிலில் உழைத்த குழந்தைகளைக் கண்டு 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். மனைவி வெளியூர் போய் அந்நியரோடு பேசுவதையே பல குடும்பங்கள் ஏற்காத நாட்களில், அப்பயணங்களுக்குக் கணவர் துணையாக நின்றார். அவர் மறைந்தபின் ராஜம் கிருஷ்ணன் பொருளிழந்து முதியோர் இல்லத்தில் வாழ நேர்ந்தது. 2009இல் அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபரில் அவர் காலமானார். அந்நூல்களின் அட்டையில் கிருஷ்ணன் என்ற பெயர், மனைவியின் பெயரிலே பின்பாதியாக இருக்கிறது.