வெடித்த தகடும் வேலைக்குப் போகும் லோரியும்

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டாரத்தில், ஞாயிறு மாலை, தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் லீவைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச மேடையில் மற்றவர்கள் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் தகரம். பழைய லோரியின் தகரம்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளை விடியற்காலையில் உங்களில் பலர் அந்தத் தகரத்தின் மேல்தான் உட்கார்ந்து வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பாலத்துக்கு அப்பால், ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகள். பட்டறை வேலை நம் தொழிலன்று. ஆனால் தோட்டத்து லோரி எந்தத் தேதியில் பட்டறைக்குப் போயிற்று, எத்தனை வெள்ளிக்குப் பில் வந்தது என்று கணக்கில் ஏற்றுகிறவர்கள் நாம்தாமே? ஒரு லோரிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில் வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு பில்லிலும் ஒரே வாசகம்: "பாடி ரிப்பேர்." எந்த இடம், என்ன கோளாறு, ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால் பின்கதவின் கீல் பக்கத்தில் அதே வெடிப்பு. அதன் மேல் புதிதாகப் பச்சைச் சாயம்! அன்று முதல் பட்டறைத் தோழர்களிடம் போய் உட்கார்ந்து, ஏன் இப்படி என்று கேட்கத் தொடங்கினோம். அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதற்கேள்வி, இரும்பு ஏன் வெடிக்கிறது? "பாரம் அதிகம் ஏற்றினான், வெடித்தது" என்பார்கள். அது பாதி உண்மை. ஒரே நாளில் பெரும்பாரம் ஏற்றினால் தகடு வளையும். வெடிப்பு வருவது வேறு விதம். சிறு பாரம்தான், ஆனால் ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை, லட்சம் தடவை குலுங்குகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிறோமே, அதுபோல. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். மனிதனுக்கு இரவு தூங்கினால் களைப்புப் போகும். இரும்புக்குப் போகாது. பட்ட அடியெல்லாம் உள்ளேயே கணக்காகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

இது நம் லோரிக்கு மட்டும் வந்த நோய் அன்று. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், இந்தச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட கோமெட் என்னும் ஜெட் விமானம், ரோம் நகரில் இறங்கி மறுபடி ஏறிய சிறிது நேரத்தில், எல்பா தீவுக்கு அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. இருந்தவர் 35 பேரும் மாண்டனர். காரணம் தெரியாமல் உலகம் திகைத்தது. இங்கிலாந்தில் பார்ன்பரோ என்ற இடத்தில், அதே வகை விமானம் ஒன்றைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, உடலுக்குள் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும், பறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் உடல் கிழிந்தது. எங்கிருந்து கிழிந்தது? தகட்டில் வெட்டியிருந்த திறப்பின் மூலையிலிருந்து! கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளிலும், கூரையில் இருந்த ஒரு திறப்பின் மூலையில், ஆணித்துளை ஓரத்தில் களைப்பின் தடயம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த கோமெட் விமானங்களில் சன்னல்களின் வடிவத்தையே மாற்றி, தகட்டையும் கனமாக்கினார்கள்.

அவ்வளவு பெரிய படிப்பாளிகள் கட்டிய விமானத்துக்கு நேர்ந்தது இது. ஆகவே லோரியில் வெடிப்பு எங்கே வரும் என்று தேடுகிறவன் மூலையைப் பார்க்கவேண்டும், துளையைப் பார்க்கவேண்டும், பற்றவைப்பு எங்கே முடிகிறதோ அந்த நுனியைப் பார்க்கவேண்டும். கதவுச் சட்டத்தின் மூலை, மட்கார்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட், பின்கதவுக் கீல், பக்கக் கம்பியின் அடிக்கால். இவைதாம் அதற்குப் பிடித்தமான இடங்கள்.

இனி, நம் தொழிலுக்கு உறவான ஒரு செய்தி. கேபினும் பின் பெட்டியும் சேசிஸ் சட்டத்தின் மேல் இரும்போடு இரும்பாக உட்காருவதில்லை. பல லோரிகளில் இடையே ரப்பர் திண்டு இருக்கிறது. சில பெட்டிகளுக்குக் கீழே மரக்கட்டை. சட்டம் முறுக்கும்போது அந்த முறுக்கு முழுதும் தகட்டுக்குப் போகாமல் ரப்பர் வாங்கிக்கொள்கிறது. நாமும் நம் பெற்றோரும் விடியலில் மரம் வெட்டி இறக்கிய பாலுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு! ஆனால் வெயிலில் பல ஆண்டு கிடந்த ரப்பர் கல்லாகிப் போகும்; சில இடத்தில் நசுங்கிக் காணாமலே போகும். பிறகு தகடு தானே முறுக்கைத் தாங்குகிறது, தாங்காமல் வெடிக்கிறது. ரப்பரை மாற்றாமல், தளர்ந்த போல்ட்டை முடுக்காமல், வெடிப்பை மட்டும் பற்றவைத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு பில் வந்த இரகசியம் அதுதான்.

துருவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கட்டிப்பால் ஏற்றும் லோரியின் தளத்தில் வடியும் புளித்த நீர் இரும்பை எப்படித் தின்கிறது என்பது தோட்டத்தார் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூர் லோரிக்குக் கடற்காற்றும் மழையும் சிமெண்டுச் சேறும் போதும்.

சரி, வெடித்துவிட்டது. என்ன செய்வது? மலிவான வழி ஒன்று உண்டு. பட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்துவிடுவது. பட்டி பள்ளத்தை நிரப்பும், பாரத்தைத் தாங்காது. சாயம் காயும்போது கண்ணுக்கு அழகு. உள்ளே வெடிப்பு நடந்துகொண்டேயிருக்கும். முன்பாவது கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது அதுவும் தெரியாது. வெடிப்பைப் பார்த்தும் பேசாமல் இருப்பவனைவிட, அதன் மேல் பட்டி பூசச் சொல்கிறவனே அதிகக் கெடுதல் செய்கிறான் என்பது நம் அபிப்பிராயம்.

முறையான வேலை எப்படி? முதலில் சாயத்தையும் துருவையும் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியச் செய்யவேண்டும். பிறகு வெடிப்பின் நுனி எங்கே என்று காணவேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது முடிவதில்லை. இதற்குப் பழைய பட்டறைக்காரர் ஒருவர் காட்டிய வழி நமக்கு மிகவும் பிடித்தது. மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, மேலே நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்கட்டிப் பொடியைத் தூவவேண்டும். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழைபோல் கறுப்புக் கோடு போடும். அந்தக் கோடு முடியும் இடம்தான் நுனி. அதற்குச் சற்று அப்பால், மெல்லிய தகட்டில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை போடுகிறார்கள். கூர்மையான நுனியில் குவிந்த இழுப்பு, வட்டமான துளையில் பரவிப்போகிறது. வெடிப்பு நடப்பது நிற்கிறது. ஆனால் துளை போட்டதோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவிடக்கூடாது. அது ஓடுகிற மாட்டைக் கட்டி நிறுத்தியது மட்டுமே.

அடுத்தது பற்றவைப்பு. எண்ணெயைச் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகுதான் நெருப்பு. பேட்டரி வயரைக் கழற்றவேண்டும். பெட்ரோல், டீசல் தொட்டி பக்கத்தில் இருந்தால் தொடவே கூடாது. கேபின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதில் ஒரே மூச்சாகக் கோடு இழுத்தால் தகடு நெளியும், ஓட்டை விழும். ஆகவே ஒரு பொட்டு இங்கே, ஒரு பொட்டு அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்கவேண்டும். மேலே எழுந்த பற்றை கிரைண்டரால் வழிக்கும்போதும் கைநிதானம் வேண்டும். நல்ல வெட்டுக்காரன் பட்டையைத்தான் சீவுவான், மரத்தைக் காயப்படுத்தமாட்டான். கிரைண்டர் பிடிப்பவனுக்கும் அந்தக் கை வேண்டும். தகட்டையே தேய்த்து மெலிதாக்கிவிட்டால் முன்னைவிடச் சீக்கிரம் வெடிக்கும்.

வலுவுக்கு ஒட்டுத்தகடு வைப்பதுண்டு. இங்கேதான் பலருக்குத் தவறான எண்ணம். கனமான தகடு வைத்தால் நல்லது என்று கால் அங்குலத் தகட்டைக் கொண்டுவந்து மெல்லிய தகட்டின் மேல் சதுரமாக ஒட்டுகிறார்கள். கனமானது அசையாது, மெல்லியது அசையும், இரண்டும் சேரும் ஓரத்தில் புது வெடிப்பு தொடங்கும். பழைய தகட்டின் கனத்தை ஒட்டியதாக, நான்கு மூலையும் வட்டமாக வெட்டி, வெடிப்பின் இரு நுனிக்கும் அப்பால் ஒன்றரை அங்குலமாவது நீளும்படி வைக்கவேண்டும். இரண்டு தகட்டுக்கும் நடுவே தண்ணீர் தங்காதபடி துத்தநாகப் பிரைமர் அடித்து, ஓரத்தை அடைத்து, அடியில் நீர் வடிய வழியும் விடவேண்டும். சேசிஸ் சட்டத்தில் வெடிப்பு என்றால் அது வேறு சங்கதி. அந்த எஃகுக்கு வெப்பம் பட்டால் வலு குறையலாம். தயாரித்த கம்பெனி சொல்லும் முறை இல்லாமல் யாரும் அதில் கோல் வைக்கக்கூடாது.

இத்தனையும் பட்டறைக்காரன் கவலை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். தோழர்களே, வண்டிக்கு வந்த வெடிப்பு எல்லாம் ஒன்றல்ல. மட்கார்டு வெடித்தால் சத்தம் வரும், ஆள் சாகமாட்டான். ஏறும் படி, பின்கதவுக் கீல், பின்கதவுத் தாழ், பக்கக் கம்பியின் அடிக்கால், தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம், இந்த ஐந்தில் வெடிப்பு இருந்தால் அந்த லோரி ஆளை ஏற்றக்கூடாது. நீங்கள் சாய்ந்திருப்பது அந்தக் கம்பியில். திடீரென்று பிரேக் போட்டால் பிடிப்பதும் அந்தக் கம்பியை. பின்கதவு திறந்துகொண்டால் ஓரத்தில் இருப்பவன் நேரே சாலையில்!

இந்த ஊரில் 2021 ஏப்ரலில், தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றிவந்த லோரி, நின்றிருந்த டிப்பர் லோரியில் மோதி இருவர் உயிரிழந்தனர். அது தகட்டு வெடிப்பால் வந்த விபத்து என்று நாம் சொல்லவரவில்லை. லோரியின் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது இந்தத் தகடும் கம்பியும்தான் என்பதற்காகச் சொல்கிறோம். ஆளை லோரியில் ஏற்றுவதையே நிறுத்தவேண்டும் என்று பலர் கேட்டு வருகிறார்கள். நாமும் அதே கட்சி. நிற்கும் வரையில் ஏறித்தானே ஆகவேண்டும்?

சட்டம் இங்கே சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. ஆளேற்றும் லோரிக்குக் கூரையும் உயர்ந்த பக்கக் கம்பியும் வேண்டும். 2023 ஜனவரி முதல் மழைத்திரையும் கட்டாயம். ஓட்டுநர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ளவும், பின்னால் இருப்பவர்கள் ஒழுங்காக இருப்பதைக் கவனிக்கவும் லோரிக்கு ஓர் ஆளை நியமிக்கவேண்டும். சரக்கு லோரி அதிகபட்சம் 20 ஆண்டு ஓடலாம்; 10 ஆண்டைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகவேண்டும். நல்லதுதான். ஆனால் ஒரு பரிசோதனைக்கும் மறு பரிசோதனைக்கும் நடுவே ஏறத்தாழ 180 நாள் இருக்கிறது. அத்தனை நாளும் லோரியைப் பார்க்கிறவர்கள் யார்? நீங்கள்தாம்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஏறுவதற்கு முன், நியமித்த அந்தத் தோழர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வரட்டும். நாம் சொன்ன ஐந்து இடத்தைப் பார்க்கட்டும். இரண்டு நிமிடம் போதும். வெடிப்புக் கண்டால் அதன் நுனியில் சாயத்தால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, கைப்பேசியில் படம் எடுங்கள். ஒரு வாரத்தில் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், அதற்குமேல் "அது பழைய கீறல்தான்" என்று யாரும் சொல்லமுடியாது. கணக்கு எழுதிப் பழகிய கிராணிகள் சொல்கிறோம்: வாயால் சொன்ன புகார் காற்றில் போகும், தேதியோடு எழுதிய புகாருக்கு ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும். தனியாளாகக் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த லோரியில் ஏறும் அத்தனை பேரும் போடுங்கள். ஓட்டுநரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவரும் கூலிக்காரர்தாம், லோரி அவருடையதன்று.

எங்கள் தோட்டத்தில் அந்தப் பச்சைச் சாய லோரிக்கு இப்படித்தான் எழுதினோம். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவதில் மூன்று பில்லின் தேதியையும் தொகையையும் வரிசையாக எழுதி, இந்தப் பணத்தைக் கூட்டினால் புதுக் கீலும் ரப்பர் திண்டும் வாங்கியிருக்கலாமே என்று கேட்டோம். அந்த வாரமே லோரி பட்டறைக்குப் போயிற்று. இம்முறை பில்லில் நான்கு ரப்பர் திண்டு, இரண்டு கீல், ஒரு குறுக்குச் சட்டம் என்று தனித்தனியாக எழுதியிருந்தது.

புகார்க் கடிதத்தின் மாதிரி ஒன்று தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.