பொங்கும் சோடாவும் போட்ட மிட்டாயும்

(கழகத்தின் இளைஞர் அறிவியல் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் இளைஞர்க்கென ஓர் அறிவியல் உரை நிகழ்த்துமாறு செயற்குழுவினர் பணித்தனர். விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசுவோம் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சோடா. பின்வரிசையில் சிரிப்பொலி கேட்கின்றது. சிரியுங்கள்; இது சிரித்துக்கொண்டே கற்கத்தக்க பாடந்தான்.

குளிர்பானப் புட்டிக்குள் மென்ட்டோஸ் மிட்டாய்களைப் போட்டதும் அது பூவாணம் போலப் பீறிட்டெழும் காட்சியைக் கைப்பேசியில் காணாத இளைஞர் இங்கே எவரும் இரார். கண்டவர்களை ஒன்று கேட்கிறோம். அது ஏன் பொங்குகின்றது? இவ்வினாவை நாம் யாரிடம் தொடுத்தாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வருகின்றது: "மிட்டாயிலுள்ள ஏதோ ஒரு பொருளும் சோடாவிலுள்ள அமிலமும் சேர்ந்து வேதிவினை புரிகின்றன." சொல்பவர் உறுதியாகச் சொல்கின்றார், கேட்பவரும் தலையசைத்து ஏற்றுக்கொள்கின்றார். ஆயின், அவ்விடை தவறு. தவறு என்று காட்ட ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு கைப்பிடி ஆற்றுமணல் போதும். மணலுக்குப் பின்னர் வருவோம்.

முதற்கண், சோடா என்பது யாது? நீரும், அதில் அழுத்திக் கரைக்கப்பட்ட கரியமில வாயுவும். இனிப்பும் நிறமும் மணமும் பிறகு சேர்ப்பவை. இதனை முதன்முதல் செய்து காட்டியவருள் ஒருவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767-இல் லீட்ஸ் நகருக்குச் சமய போதகராக வந்த அவர், அண்டையிலிருந்த மதுவடி சாலையில் புளிக்கும் தொட்டிகளின்மேல் ஒருவகை வாயு தேங்கி நிற்பதைக் கவனித்தார். அதனை நீரில் கலந்து பருகிப் பார்த்தார், சுவையாக இருந்தது. அதன் செய்முறையை 1772-இல் சிறு நூலாக அச்சிட்டு எல்லார்க்கும் தெரியச் செய்தார். அதைக் கொண்டு பொருள் ஈட்டியவர்கள் வேறு பலர்.

இங்கே சற்று நின்று ஒரு செய்தி கூறவேண்டும். பிரீஸ்ட்லி அரசாங்கத் திருச்சபையைச் சேராத மக்களில் ஒருவர். அக்காலத்தில் அன்னவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் வாய்ப்பு இல்லை. கதவு அடைபட்ட அம்மக்கள் தமக்கெனத் தாமே கல்விக்கூடங்கள் நிறுவினர். டேவன்ட்ரி என்னும் ஊரில் இருந்த அத்தகைய ஒன்றில்தான் அவர் பயின்றார். 1791-இல் பர்மிங்காமில் கலகக் கும்பல் அவருடைய இல்லத்தையும் நூல்களையும் ஆய்வுக்கூடத்தையும் எரித்தது. 1794-இல் அவர் அமெரிக்காவில் குடியேறினார். அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்றென்று கூறமாட்டோம். அவர்களை எவரும் குளத்து நீரைத் தொடாதே என்று விரட்டவில்லை. ஆயினும், தம் பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு கல்விச் சங்கம் அமைத்துக்கொள்வதன் பொருள் இந்த மன்றத்தில் இருப்போர்க்கு விளக்கவேண்டியதன்று.

நிற்க. 1803-ஆம் ஆண்டில் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஒரு விதியை வெளியிட்டார். ஒரு வாயு எவ்வளவு அழுத்தத்துடன் நீரின்மேல் நிற்கின்றதோ, அவ்வளவிற்கு ஏற்ப அது நீரில் கரையும் என்பதே அது. அழுத்தத்தை இருமடங்காக்கினால் கரையும் வாயுவும் இருமடங்காகும். நம் ஊர்க் கோலிச் சோடாவை எண்ணுங்கள். அப்புட்டி 1872-இல் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் உரிமம் பெற்ற அமைப்பு. கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு கோலிக்குண்டை இறுகப் பிடித்துவைப்பது ஆணியுமன்று, பசையுமன்று. உள்ளே அடைபட்ட வாயுவே. கடைக்காரர் கட்டைவிரலாலோ கட்டையாலோ குண்டை உள்ளே தள்ளுகின்றார். "டப்" என்று ஓசை எழுகின்றது. அழுத்தம் போயிற்று. (அப்புட்டி தெருச் சண்டைகளில் வேறு பயன் கண்டதும் உண்டு. அது அறிவியலில் சேராது, விட்டுவிடுவோம்.)

மூடி திறந்த பின்னர் நீர் அவ்வளவு வாயுவையும் தாங்க இயலாது. ஒரு லிட்டர் குளிர்பானத்தில் மூன்று, நான்கு லிட்டர் அளவு வாயு கரைந்திருக்கும். அவ்வளவும் வெளியேற வேண்டியதே. ஆயின், உடனே வெளியேறுகின்றதா? இல்லை. திறந்து வைத்த புட்டி மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குமிழியிட்டுக்கொண்டே இருக்கின்றது. வெளியேற விரும்பும் வாயு ஏன் காத்திருக்கின்றது? பொங்குவதைப் பற்றி எல்லாரும் கேட்கின்றனர். பொங்காமல் இருப்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. உண்மையில் வியப்பு இங்கேதான் உள்ளது.

வாயு வெளியேற வேண்டுமானால் குமிழி உண்டாக வேண்டும். குமிழி உண்டாவது எளிதன்று. நீர்த்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவை. அவற்றை விலக்கிக்கொண்டு ஒரு சிறு வெற்றிடம் உண்டாக்கும் குமிழியைச் சுற்றுப்புற நீர் நசுக்குகின்றது. குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு வலிமையாக நசுக்குகின்றது. பலூன் ஊதிய பிள்ளைகள் அறிவார்கள், முதல் ஊதல்தான் கடினம். சற்றுப் பருத்த பின்னர் எளிதில் ஊதலாம். புதிதாகத் தோன்றும் நுண்குமிழி அந்த முதல் ஊதலிலேயே தோற்று மறைந்துபோகின்றது. ஆகவே, ஏற்கெனவே சிறிது காற்றுத் தங்கியிருக்கும் நுண்குழி ஏதேனும் இருந்தால் மட்டுமே வாயு அங்கே வந்து கூடி, பருத்து, விடுபட்டு மேலெழும். கண்ணாடிக் குவளையில் ஒரே புள்ளியிலிருந்து குமிழிகள் நூல் கோத்தாற்போல் எழுவதைக் கண்டிருப்பீர்கள். அப்புள்ளியில் ஒரு கீறலோ தூசியோ இருக்கும்.

மென்ட்டோஸ் மிட்டாயின் மேற்புறம் கண்ணுக்கு வழவழப்பானது. நுண்ணோக்கிக்கு மேடும் பள்ளமுமானது. எண்ணற்ற நுண்குழிகள், ஒவ்வொன்றும் வாயு கூடும் இடம். அன்றியும் மிட்டாய் கனமானது. விரைந்து அடியாழம் சென்று சேர்கின்றது. அடியில் தோன்றிய குமிழி புட்டி முழுவதையும் கடந்து மேலேறுகையில் வழிநெடுக வாயுவைச் சேர்த்துக்கொண்டு பருக்கின்றது. நீரையும் தூக்கிக்கொண்டு எழுகின்றது. புட்டியின் வாயோ குறுகியது. பிறகு பீறிடாமல் என்ன செய்யும்?

இப்பொழுது மணலுக்கு வருவோம். மணல் சோடாவில் கரைவதில்லை. அதிலுள்ள மென்மையான அமிலத்தோடு வினைபுரிவதுமில்லை. ஆயினும் உலர்ந்த மணலை இட்டால் சோடா நுரைத்தெழும். எலுமிச்சைச் சோடாவில் உப்பிட்டதும் நுரை குவளை விளிம்பைத் தாண்டி வழிவதை நம் கடைகளில் நாள்தோறும் காண்கிறோம்; அதுவும் இவ்வகையே. வேதிவினைதான் காரணம் என்றால் மணலும் உப்பும் மிட்டாயும் ஆகிய மூன்றும் ஒன்றுபோல் நடந்துகொள்வது எவ்வாறு? மூன்றிற்கும் பொதுவானது சொரசொரப்பான மேற்பரப்பே.

அமெரிக்காவில் இது ஆசிரியர்களின் வேடிக்கையாகத் தொடங்கியது. 1980-களில் வேறொரு புதினா மிட்டாயைக் கம்பியில் கோத்துப் புட்டிக்குள் விட்டனர். பின்னர் அம்மிட்டாயின் அளவைப் பெரிதாக்கிவிட்டமையால் அது புட்டியின் வாய்க்குள் நுழையவில்லை; அதன் இடத்திற்கு மென்ட்டோஸ் வந்தது. லீ மாரெக் என்னும் ஆசிரியர் 1999-இல் தம் மாணவரோடு தொலைக்காட்சியில் இதனைச் செய்து காட்டினார். 2006-இல் இருவர் 101 டயட் கோக் புட்டிகளையும் 523 மிட்டாய்களையும் கொண்டு நீரூற்று நாடகமே நடத்தினர். உலகமே கண்டு களித்தது.

களித்தோர் கோடி; சோதித்தோர் சிலரே. வட கரோலைனாவிலுள்ள அப்பலாச்சியன் அரசுப் பல்கலைக்கழகத்தில் டோன்யா காஃபி என்னும் இயற்பியல் ஆசிரியை சோதனைகளை முறையாக நடத்தி, 2008-இல் கட்டுரை வெளியிட்டார். மென்ட்டோஸ், மணல், உப்பு எனப் பலவற்றை இட்டுப் பார்த்தார். புட்டி எவ்வளவு எடை இழந்தது, ஊற்று எவ்வளவு தொலைவு பாய்ந்தது என அளந்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மிட்டாயின் சொரசொரப்பைக் கண்டார். பொங்குவதற்கு முன்னும் பின்னும் பானத்தின் அமிலத் தன்மையை அளந்தார், அது மாறவில்லை. அமில வினை என்னும் கதை அத்தோடு முடிந்தது. காஃபின்தான் காரணம் என்போரும் இருந்தனர். காஃபின் நீக்கிய பானமும் அவ்வாறே பொங்கியது. மிட்டாயைப் பொடித்து இட்டார், பொருள் அதுவே, ஆயினும் பொடி மெல்ல இறங்கியது, ஊற்று குன்றியது. பானம் சூடாயிருந்தால் ஊற்று மிகுந்தது. டயட் வகையிலுள்ள செயற்கை இனிப்பும் பதன்பொருளும் குமிழி உண்டாவதை எளிதாக்குவதால் அது சர்க்கரைப் பானத்தைவிட நன்கு பொங்குகின்றது. 2020-இல் தாமஸ் கன்ட்ஸில்மன் என்னும் வேதியியலாரும் அவருடன் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும் கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த மரணப் பள்ளத்தாக்கிலிருந்து 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரம் வரை இதே சோதனையைச் செய்து, காற்றழுத்தம் குறையும் இடத்தில் நுரை மிகுவதைக் கொண்டு மிட்டாயின் நுண்குழி அளவையே கணித்தனர். மிட்டாயைத் தூக்கிக்கொண்டு மலையேறிய அவர்களை நாம் மெச்சுகிறோம்.

இவ்வளவும் வேடிக்கைக்குத்தானா என்று பெரியவர் ஒருவர் கேட்பது போல் தோன்றுகின்றது. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் நியோஸ் என்றோர் ஏரி உண்டு. எரிமலை வாயில் நீர் நிரம்பி உண்டான ஏரி அது. ஆழம் ஏறத்தாழ 200 மீட்டர். நிலத்தடியிலிருந்து கசியும் கரியமில வாயு அதன் அடிநீரில் கரைந்துகொண்டே இருந்தது. மேல்நீரின் பாரம் மூடிபோல் அழுத்திக்கொண்டிருந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அந்தச் சோடாப் புட்டி திறந்துகொண்டது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு பள்ளத்தாக்குகள் வழியே இறங்கிப் படர்ந்தது. மூச்சடைத்து மாண்டோர் 1,700-க்கும் மேற்பட்டவர். எளிய உழவரும் ஆடு மாடு மேய்ப்போரும் அவர்கள்.

காரணம் என்ன என்பதில் அறிஞரிடையே கடும் வழக்கு எழுந்தது. எரிமலை வெடித்தது என்றனர் ஒரு சாரார். ஏரி நீரில் கரைந்திருந்த வாயுவே பொங்கியது என்றனர் மற்றொரு சாரார். இது வெறும் பட்டிமன்றம் அன்று. எரிமலை என்றால் மனிதன் செய்வதற்கு ஏதுமில்லை, ஓடலாம், அவ்வளவே. கரைந்த வாயு என்றால் அதனை முன்கூட்டியே வெளியேற்றலாம். ஆழத்து நீரை எடுத்து அளந்து இரண்டாவது கூற்றை நிலைநாட்டினர். 2001-இல் ஏரியின் அடியாழம் வரை ஒரு குழாயை இறக்கி, தொடக்கத்தில் மட்டும் நீரை மேலே இறைத்தனர். மேலேறும் நீரில் குமிழிகள் தோன்றவே, அவை நீரைத் தூக்க, அதன்பின் எந்திரமின்றியே ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திற்கு ஊற்று எழுந்தது. 2011-இல் மேலும் இரு குழாய்கள் சேர்த்தனர்.

காரணத்தைத் தவறாகச் சொன்னால் பரிகாரமும் இல்லாமற் போகும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? நம் நிலைக்குப் பிறப்பே காரணம், முன்வினையே காரணம், இனமே காரணம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. தலையாட்டி ஏற்கவும் வைக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் அவ்வினக் கூற்றைச் சோதித்த முறையை இளைஞர்கள் பார்க்கவேண்டும். இனம் வேறு என்றால் உடலளவு வேறுபட வேண்டுமே என்று கேட்டு, பிறர் திரட்டியிருந்த மூக்களவுப் புள்ளிகளையே எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரும் வெவ்வேறு இனத்தவர் என்பதற்கு அவற்றில் சான்றில்லை என்று காட்டினார். மூக்கை அளந்து இனம் பிரிக்கும் முறையையே இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும், அவர் காலத்தில் எவர் கையில் அளவுகோல் இருந்ததோ அவர்களுடைய அளவுகோலைக் கொண்டே அவர்களுடைய கூற்றை முறித்தார். மணலை இட்டுப் பார்ப்பதும் அம்முறையைச் சேர்ந்ததே.

நம் வயதினர் பலர் பள்ளியில் அறிவியலைக் கண்ணால் மட்டுமே கற்றனர். கருவிகள் மேசைமேல் இருக்கும். முன்வரிசையார் சூழ்ந்து நிற்பர். நம் பிள்ளைகள் பின்னே எட்டிப் பார்ப்பர். சோதனை முடிந்த பின் குழாய்களைக் கழுவி வைக்கும் வேலை மட்டும் நம் கைக்கு வரும். இன்று அவ்வாறன்று. வெளியே முற்றத்தில் ஆறு புட்டிகள் வைத்திருக்கிறோம். எல்லாம் பிளாஸ்டிக், கண்ணாடி ஒன்றுமில்லை. மூடியை மீண்டும் திருகி அடைக்கக் கூடாது. முகத்தைப் புட்டிக்கு மேலே நீட்டக் கூடாது. முதற் புட்டியில் முழு மிட்டாய், இரண்டாவதில் அதே எண்ணிக்கை மிட்டாயின் பொடி, மூன்றாவதில் உலர்ந்த மணல், நான்காவதில் ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய மணல், ஐந்தாவதில் கல்லுப்பு, ஆறாவது வெயிலில் வைத்துச் சூடேறிய புட்டி. அதிலும் முழு மிட்டாய். சுவரில் அடிக்கோல் குறித்திருக்கிறோம், தராசும் உண்டு. எது எவ்வளவு உயரம் எழும், ஊறிய மணல் உலர்ந்த மணலைப் போல் நடந்துகொள்ளுமா என்பதை ஒவ்வொருவரும் இப்பொழுதே தாளில் எழுதிப் பெயரிட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஊற்று எழுந்த பிறகு எழுதுவது செல்லாது. புட்டியில் போடும் வேலை பெண்பிள்ளைகளிடமிருந்து தொடங்கட்டும். துணி நனைந்தால் கழகம் பொறுப்பேற்காது.