சின்ன உயிருக்கு எந்த லென்ஸ்?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் சுற்றுச்சூழல் மன்றத்தார் இவ்வாண்டு தோட்டத்துச் சிற்றுயிர்களைப் படம் பிடித்துத் தொகுக்க முடிவு செய்துள்ளார்கள். முடிவு எடுத்த மறுவாரமே ஓர் அப்பா என்னிடம் வந்தார். "சார், பையன் மேக்ரோ லென்ஸ் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கடையில ஆயிரம் வெள்ளிக்கு மேல சொல்றாங்க. தவணையில எடுத்துக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லப் போகிறேன்.

லென்ஸைப் பற்றிப் பேசுமுன் யாரைப் படம் பிடிக்கப் போகிறோம் என்பதைப் பேச வேண்டும். கல்யாணத்துக்குத் துணி எடுப்பவர் கூட முதலில் ஆளின் அளவைத்தானே கேட்கிறார்?

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. மலேசியாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917 ஆம் ஆண்டு இங்கேதான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. அதை நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930 இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் பெற்றார். துரை பிரெஞ்சுக்காரர், மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தோட்டத்தின் பெயரோ நம் தமிழ்!

மரம் வந்தது, ஆனால் அதன் பூவுக்கு வேலை செய்யும் பூச்சி உடன் வரவில்லை. செம்பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வந்தாலும் வெவ்வேறு காலத்தில் வரும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்தில் அதை மனிதக் கைகள் செய்தன. மகரந்தத்தைப் பொடியோடு கலந்து, மரம் மரமாகப் போய், மட்டை முள்ளுக்கு நடுவே கையை விட்டுப் பூவின் மேல் ஊதினார்கள். பெரும்பாலும் பெண்கள். இந்தக் கூட்டத்தில் அந்த வேலை பார்த்த பாட்டிமார் இருந்தால் நான் சொல்வதைவிட அவர்களே நன்றாகச் சொல்வார்கள்.

1981 இல் அந்த வேலைக்கு முடிவு வந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக ஒரு சிறு கூன்வண்டு என்று காட்டினார். எலாய்டோபியஸ் கமெரூனிகஸ் என்பது அதன் பெயர். வாய்க்குள் நுழையாவிட்டால் பரவாயில்லை. அந்த ஆண்டு அது மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. பெண் பூ பக்குவமானதும் சோம்பு வாசனை போல ஒன்றை வீசும். ஆண் பூவிலும் அதே வாசனை. வாசனையைத் தேடி வண்டு இங்கும் அங்கும் பறக்கிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் கூடவே போகிறது. குருத்தைத் துளைக்கும் கொம்பு வண்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பகைவன், இது கூலி வாங்காத தொழிலாளி.

நாம் வெட்டும் ஒவ்வொரு குலையிலும் இந்த வண்டின் உழைப்பு இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறோம்? அதன் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர், அரிசியில் பாதி. நம் மன்றத்தின் முதல் படம் இந்த வண்டுதான். ஆகவே லென்ஸை அளக்கும் கோலும் இதுவே.

இப்போது கணக்கு. மாணவர்களே, இது உங்களுக்குத் தெரிந்த விகிதக் கணக்குத்தான். இன்று பரவலாகப் புழங்கும் காமிராக்கள் பலவற்றில் சென்சார் ஏறக்குறைய 24 மி.மீ. அகலம். 1:1 என்று லென்ஸில் போட்டிருந்தால், 4 மி.மீ. வண்டு சென்சாரிலும் 4 மி.மீ. நீளத்துக்கு விழும். அதாவது படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. மூக்கும் காலும் தெரியும். 1:2 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1:4 என்றால் 1 மி.மீ. தான், ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஜூம் லென்ஸ் பலவற்றில் "மேக்ரோ" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். விகிதத்தைத் தேடிப் பார்த்தால் 1:4 பக்கம் இருக்கும். பட்டாம்பூச்சிக்கும் செம்பருத்திப் பூவுக்கும் அது தாராளம். நம் வண்டுக்கு ஆகாது. கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் விகிதத்தைக் கேளுங்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நிக்கான் கம்பெனிக்காரர்கள் இதே லென்ஸை "மைக்ரோ" என்கிறார்கள். பொருள் ஒன்றுதான்.

சரி, காசு குறைவாக இருப்பவர் என்ன செய்வது? என் யோசனை இது. பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, திறப்பைக் கையால் திருப்பும் வளையம் உள்ளதாகப் பார்த்து, பழைய பொருள் விற்பவரிடம் வாங்குங்கள். பிலிம் காலத்தில் இவை ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆகவே விலை மலிவு. அதற்கும் காமிராவுக்கும் நடுவே நீட்டு வளையங்கள் போடுங்கள். நீட்டு வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். லென்ஸ் சென்சாரை விட்டு விலகி நிற்பதால் கிட்டே உள்ள பொருள் பெரிதாக விழுகிறது, அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. வளையம் போட்டால் 1:2; 50 மி.மீ. போட்டால் 1:1. உள்ளே கண்ணாடி இல்லாத பொருளுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். ஆனால் வளையம் உங்கள் காமிராவின் வாய்க்குப் பொருந்த வேண்டும். லென்ஸின் வாய் வேறாக இருந்தால் இணைப்பு வளையம் ஒன்றும் வேண்டும். மிரர்லெஸ் காமிராவானால், லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் "காமிரா கெட்டுப்போச்சு சார்" என்று என்னிடம் ஓடி வருவீர்கள்.

இன்னும் மலிவான வழி, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையம். 28 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் போட்டால் உள்ளதைவிட ஏறக்குறைய இரு மடங்காகவே காட்டும். ஆரம்பக்காரர் கைக்கு அது அடங்காது. முன்னால் திருகும் குளோசப் கண்ணாடிகளில் ஒற்றைக் கண்ணாடி உள்ளவை ஓரத்தை மங்கலாக்கி நிறத்தைக் கசிய விடும். இரு கண்ணாடி சேர்த்துச் செய்தவை தேவலை. கைப்பேசியில் கவ்வும் சின்ன லென்ஸ் கூட எடுத்த எடுப்பில் மோசமில்லை. மிகக் கிட்டே போக வேண்டியிருப்பதால் கைப்பேசியின் நிழல் வண்டின் மேல் விழும், அதுதான் தொல்லை.

கொஞ்சம் கூடுதலாகக் காசு இருந்தால், நிக்கானின் பழைய 55 மி.மீ. மைக்ரோ நிக்கார் நல்ல சாமான். தனியே 1:2 வரை போகும். அதற்கென்று செய்த வளையத்தோடு 1:1. நம் சங்கம் மன்றத்துக்கு ஒன்று வாங்கித் தர நினைத்தால் என் ஓட்டு இதற்கே. 100 மி.மீ. பக்கமுள்ள புது லென்ஸ்கள் எட்ட நின்று எடுக்க உதவும். தட்டான் போன்ற கூச்சக்காரருக்கு அது தேவை. பூவில் மும்முரமாக இருக்கும் கூன்வண்டோ நாம் மூக்கருகே போனாலும் அசைவதில்லை.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். டார்ச் விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது பிடிக்காத லென்ஸ் அபூர்வம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை. வாங்கிய பின் துணி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். எங்கள் லயத்து வீட்டுச் சுவரே வேர்க்கிறது, லென்ஸ் எம்மாத்திரம் என்று ஓர் அம்மா கேட்டார். உண்மைதான் அம்மா, அதற்குத்தான் டப்பா.

1:1 இல் எடுக்கும்போது சென்சாருக்கு வழக்கமான வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் வந்து சேரும். எஃப் 8 என்று வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. கண் தெளிவாக இருந்தால் முதுகு மங்கும். செம்பனை நிழலோ இருட்டு. ஆகவே ஒரு சின்ன பிளாஷ் விளக்கு, அதன் முன்னே வெள்ளைக் காகிதம். லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை விளக்குக்கு வைத்துக்கொள்வதே புத்தி. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கி இருட்டில் எடுத்த படத்தைவிட, பழைய லென்ஸும் நல்ல வெளிச்சமும் தந்த படம் மேல்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் மாதவையாவின் மகன், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். பல காமிராக்களின் பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டுச் செய்த காமிராவோடுதான் அவர் காட்டுக்குள் போனார். 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒட்டுப்போட்ட சாமான் கேவலம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

மின்மினியைப் பற்றியும் பல பேர் கேட்டீர்கள். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்னுபவை உலகறிந்தவை. அங்கே இந்தப் பிளாஷும் டார்ச்சும் கூடவே கூடாது. அந்த வெளிச்சத்தைக் கொண்டுதான் அவை தம் துணையைத் தேடுகின்றன; நம் விளக்கு குறுக்கே விழுந்தால் பேச்சு அறுந்துபோகும். படகில் உட்கார்ந்து கண்ணால் பாருங்கள். மேக்ரோ லென்ஸுக்கு அங்கே வேலையில்லை.

வரும் பள்ளி விடுமுறையில் முதல் பயணம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கிறோம். மறுநடவு செய்த இளமரங்கள் உள்ள பக்கம் போவோம். அங்கேதான் ஆண் பூ பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். மருந்து அடித்த பக்கம் யாரும் போகக் கூடாது. முழுக்கால் சட்டையும் பூட்ஸும் கட்டாயம். பாம்பு இருக்கும், மட்டை முள் இருக்கும். ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவர் வர வேண்டும். மகரந்தம் ஊதிய பாட்டிமார் யாராவது வந்தால் முதல் படத்தை அவர்கள் கையாலேயே எடுக்க வைப்போம். லென்ஸ் இல்லாத பிள்ளைகள் வருந்த வேண்டாம். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி நான் கொண்டு வருகிறேன். தவணை கேட்ட அப்பா அவர்களே, உங்கள் மகனுக்கு மன்றத்தின் 50 மி.மீ. லென்ஸை அன்று காலையில் முதலில் தருகிறேன். ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம்.