அஞ்சுகிறவரும் விசுவாசியே

(யூபிலி நவநாளின் ஐந்தாம் நாள் மாலை பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நன்றி சொல்வது நம் கடமை. ஆயினும் இன்று பயத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். சென்ற மாதம் மாலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் கோயில் வாசலில் காத்து நின்றார். "சாமி, மகன் கடலுக்குப் போயிருக்கான். காத்து பலமா அடிக்குது. மூணு ராத்திரியா தூக்கமில்லை. கையில செபமாலை இருக்கு, நெஞ்சு மட்டும் படபடக்குது. எனக்கு விசுவாசம் இல்லையா சாமி?" என்று கேட்டார்.

"பயப்படாதீங்க அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். மகன் பத்திரமாகக் கரை சேர்ந்தான். ஆனால் நம் பதில் நம்மையே உறுத்தியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் குமரிக் கடற்கரையில் எத்தனை தாய்மார் இதே செபமாலையோடு காத்திருந்தார்கள்! அவர்களில் பலருடைய பிள்ளைகள் திரும்பவில்லையே! அவர்களுடைய விசுவாசம் குறைவானதா? ஒருக்காலும் இல்லை.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் அவர். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். அவரை ஆண்டவரிடம் கொண்டுவந்தது எது? நம் வீடுகளில் உள்ள கவலைதான். ஆடு மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, மனம் கலங்கியது. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், இவருடைய வாடிய முகத்தைக் கண்டார். "கவலைப்படாதே" என்று சொல்லி அவர் நகர்ந்துவிடவில்லை. உடன் அமர்ந்து, எல்லாவற்றையும் இழந்த யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

யோபு அழுதார், புலம்பினார், ஏன் என்று கடவுளையே கேட்டார். ஆனால் அந்தப் புலம்பலையும் கடவுளிடமே கொண்டுபோனார். விசுவாசம் என்பது இதுதான். பயம் வருவது பாவமல்ல. அந்தப் பயத்தோடு நாம் எந்த வாசலுக்குப் போகிறோம் என்பதே கேள்வி.

1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்றால் கடவுளின் உதவி. அந்தப் பெயரைப் பெற்றபின் துன்பம் தீர்ந்ததா? சிறையும் அடியும் அவமானமும்தான் வந்தன. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. துன்பம் நீங்கும் என்ற உறுதிச்சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. துன்பத்தில் தம்மோடு ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் அறிந்திருந்தார். அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

அன்பர்களே, மகளின் திருமணக் கடன், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனிடமிருந்து வராத அழைப்பு, மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை என்று நம் பயங்கள் பல. நமக்கும் அவை உண்டு. சென்ற ஆண்டு ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த இரவில், பிறருக்குப் பிரசங்கித்த ஒரு வார்த்தையும் நம் வாயில் வரவில்லை. நற்கருணைப் பேழையின் முன் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுவும் செபம்தான் என்று அன்று கற்றுக்கொண்டோம்.

எனவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, பயத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் அப்படியே சொல்வோம். இரண்டாவது, அதற்காகக் குறிகாரரிடமும் கந்துவட்டிக்காரரிடமும் ஓடாதிருப்போம். மருத்துவரிடம் போகவேண்டியதற்கு மருத்துவரிடமே போவோம். மூன்றாவது, அன்பியக் கூட்டத்தில் வாடிய முகத்தோடு ஒருவர் இருந்தால், டிலனாயைப் போல் அவர் அருகில் உட்காருவோம். யூபிலிக்கு நாம் எழுப்பும் கோபுரத்தைவிட இது பெரிய காணிக்கை.

அந்தத் தாய் இன்று இங்கே இருந்தால், அன்று சொல்லத் தவறிய பதிலை இப்போது சொல்கிறோம்: அம்மா, படபடக்கும் நெஞ்சோடு செபமாலையை விடாமல் பிடித்திருந்தீர்களே, அதுதான் விசுவாசம். அடுத்த முறை காற்று அடிக்கும்போது சொல்லி அனுப்புங்கள். நாமும் வந்து உங்களோடு காத்திருப்போம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.